ஒரு பகல் அனுமதி

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் எங்கள் மிருகக்காட்சிசாலையில் கிழட்டு ஆண் கொரில்லா செத்துப்போனது. தாயைச் சுட்டுவிட்டு, குட்டியிலேயே காட்டிலிருந்து பிடித்து வந்தார்களாம். உடலை எடுக்கப் போனேன். அதன் ஜோடி பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை முகர்ந்துகொண்டிருந்தது. மேலாளர் என்னைத் தடுத்தார்.

"சாயங்காலம் வரைக்கும் விடுப்பா. அதுவும் துக்கத்தை ஆத்திக்கணும்ல? இல்லன்னா ஏங்கியே போயிடும்."

அப்பா இறந்த அன்று நான் லீவு கேட்டபோது, "நீ போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். கூண்டை யாரு கழுவுறது?" என்றவரும் இவர்தான்.

கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். அப்பாவை நினைத்து, சாயங்காலம் வரை அந்தப் பெண் கொரில்லாவோடு சேர்ந்து அழுது தீர்த்தேன். மேலாளர் வந்து முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"மிருகத்து மேல உனக்கு இவ்வளவு பாசமா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

இங்கே வருகிறவர் யாரிடமாவது அப்பாவின் சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம். தீனி வைக்க நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகன்