ஜன்னல் பக்கம் ஓர் ஆள்

என் அக்கா பெற்ற அறிவுச்சுடர் மருமகளுக்கு,

மாமன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைக் குறை சொல். எனக்குக் கை நடுங்குகிறது என்று உன் அத்தை கிளப்பிவிடுவதை நம்பாதே.

நீங்கள் செய்து அனுப்பிய இயந்திரம் எங்கள் விமான நிலையத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது. ஆள் ஓட்டும் விமானம், ஆளில்லாமல் வரும் சரக்கு விமானம், எல்லாவற்றையும் அதுவே இறக்குகிறது, அதுவே ஏற்றுகிறது. அத்தனையும் என் மருமகள் மூளை என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். மந்திரியே உன் முகவரி கேட்டார். சரி, மந்திரியின் டிரைவர்.

ஓடுபாதையைச் சுற்றிப் பார்க்கும் என் ஜீப்புக்கு ஒரு சின்னப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். பெட்டி எங்கேயோ, ஜீப்பும் அங்கே என்று இயந்திரம் நினைத்துக்கொள்ளும். நேற்று அதைக் கழற்றி டீக்கடைக்குக் கொண்டுபோய், பாருங்கடா என் மருமகள் வேலையை என்று எல்லார் கையிலும் கொடுத்துக் காட்டினேன். அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பி வந்து ஜீப்பை எடுத்தால், ஓடுபாதை நடுவில் ஒரு செத்த பறவை. ஜீப்பை நிறுத்தி, குனிந்து எடுத்தேன். நிமிர்ந்தால் சரக்கு விமானம் எனக்கு நேராக இறங்குகிறது. பத்து யானை சேர்ந்தாற்போல. துண்டை வீசினேன், கத்தினேன். முன்பெல்லாம் பைலட் பார்த்துவிட்டு மேலே தூக்கிவிடுவார், அப்புறம் வந்து திட்டுவார். இதற்கு முகத்தில் கண்ணாடியே இல்லை. யாரைப் பார்த்துக் கை ஆட்டுவது? கால் எழவில்லை, மருமகளே.

விமானங்களைக் கண்காணிக்கும் கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாள் ஜன்னல் வழியே பார்த்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறாள். விமானம் என் தலையைச் சீவிவிட்டு மேலே போனது. அண்ணே, உசுரோட இருக்கியா, இல்ல ஆவியா நிக்கிறியான்னு ரேடியோவில் கேட்டாள். நான் முறைத்த முறைப்பில் விமானம் திரும்பிவிட்டது என்று கடையில் சொல்லியிருக்கிறேன். உன் அத்தை மட்டும், சோத்தத் தொடலையே, என்னய்யா ஆச்சு என்று விடாமல் கேட்கிறாள்.

பெட்டியை மறந்தது என் தப்புதான். மேலிடத்துக்குச் சொல்லவில்லை; என் வேலை போகட்டும், உன் பெயர் கெட்டுவிடும்.

அடுத்த வாரத்தோடு அந்த அம்மாளை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். கோபுரத்துக்கு இனி விளக்குக்கூட வேண்டாமாம். ஓடுபாதையில் நான் இருப்பேன்.

உன் சொல் அங்கே எடுபடும். மனுஷன் மறப்பான் என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்லிக்கொடு, கண்ணு. அது படித்து முடிக்கிற வரைக்கும் ஜன்னல் பக்கம் ஒரே ஓர் ஆளை உட்கார வை. பயந்துபோய்க் கேட்கவில்லை. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். கொஞ்ச காலமாவது அதைப் பார்க்க நானும் இருக்க வேண்டாமா?

உன் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்,
மாமன்