வீங்கிய காலுள்ள மனிதர்

மச்சான்,

முந்தாநாள் உன் கருமாதி முடிந்து வீட்டுக்கு வந்து நான் கால்கூடக் கழுவவில்லை, உன் மகன் பின்னாலேயே வந்து ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தான். "அப்பா ஒங்ககிட்டத்தான் குடுக்கச் சொன்னாரு மாமா." பத்திரிகைத் தாளைப் பிரித்ததும் டர்பன்டைன் வாசம். உன் சட்டையில் எப்போதும் அடிக்குமே, அதே வாசம். உள்ளே அந்தப் பச்சை அட்டை மருத்துவப் புத்தகம்.

ஈப்போவில் ஒரு சீனர் கடையில், பழைய இரும்புக்கு நடுவே நீ அதைக் கண்டெடுத்தது எழுபத்து மூன்றிலோ நான்கிலோ. துண்டாடி விற்ற ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்தின் ஆஸ்பத்திரி அலமாரியில் இருந்ததாம். நீ ஸ்டூடியோவில் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் தீட்டுகிறவன். நான் செமோர் பக்கத்துத் தோட்டத்தில் டிரசர், புண்ணுக்கு மருந்து கட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் சாப்பாட்டு மேசையில் அதை விரித்துவைப்போம். எழுத்து எனக்கு, படம் உனக்கு. "ஒவ்வொரு கலரையும் தனித்தனியா அச்சு ஏத்திருக்கான் லா, என்னா பொறுமை பாரு," என்று நுரையீரல் படத்தைத் தடவிக்கொண்டிருப்பாய். காலை வீங்கவைக்கும் பெரிபெரி நோய் ஈர மண்ணிலிருந்து கிளம்பும் ஆவியால் வருவதாகப் புத்தகம் போட்ட வெள்ளைக்கார டாக்டர் எழுதியிருந்தார். தீட்டின அரிசிதான் காரணம் என்று பிற்பாடு கண்டுபிடித்தார்கள் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்ப புக்கும் பொய் சொல்லும்!"

பக்கத்தைத் திருப்பினாய். படத்தில், முக்காலியில் ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலும் வீங்கி, இடது காது மடல் கிழிந்து. பெயரில்லை. 'தமிழ்க் கூலி, பேராக்' என்று மட்டும் ஆங்கிலத்தில் போட்டிருந்தது. உன் சிரிப்பு நின்றுவிட்டது.

"மச்சான், எங்கப்பா லா இது."

நீ கைக்குழந்தையாக இருந்தபோது கால் வீங்கித் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. கிழிந்த காதைப் பற்றி உன் அம்மா சொன்னது மட்டும்தான் உனக்குத் தெரியும். ஊரில் செத்துப்போன அப்பன்களுக்கெல்லாம் மாலை போடத் தோதாகப் படம் செய்து கொடுத்த நீ, உன் வீட்டுத் திவசத்தில் வெறும் வேட்டியை வைத்துக் கும்பிட்டாய்.

"நீ படிச்சவன், சொல்லு. அவருதானே?"

முதல் பக்கத்தில் அச்சான வருஷம் ரோமன் எண்ணில் இருந்தது. உனக்கு அது படிக்க வராது என்று நினைத்தேன். எனக்கு வரும். உன் அப்பா பிறப்பதற்கே முந்திய வருஷம் அது. "இருக்கலாம்," என்றேன். கோழை என்று வேண்டுமானால் திட்டிக்கொள்.

ஒரு மாதம் உட்கார்ந்து அவரைப் பெரிதாக வரைந்தாய். வீக்கத்தை வற்றவைத்தாய், தோளில் துண்டு போட்டாய். உன் அம்மாவிடம் காட்டியபோது நானும் இருந்தேன். அம்மா படத்திலிருந்த அந்தக் காதை விரலால் தடவினார். "அவருதான்யா. அன்னிக்குச் சாப்டாமகூட போனாரு," என்று அழுதார். கூட வாழ்ந்தவருக்கு முகம் தெரியாதா? இல்லை, மகன் ஆசையாய்க் கொண்டுவந்ததை இல்லையென்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லையா? நான்தான் வருஷத்தைத் தப்பாகக் கூட்டினேனா என்று பஸ்ஸில் விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனேன்.

பன்னிரண்டு வருஷமாக உன்னை ஏமாற்றிவிட்டேன் என்றுதான் மனசு உறுத்திக்கொண்டிருந்தது. முந்தாநாள் முதல் பக்கத்தைப் புரட்டினால், ரோமன் எண்ணுக்குக் கீழே உன் ஸ்டூடியோ சிவப்புப் பென்சிலில் அதே வருஷம், சாதாரண எண்ணில். உன் கையெழுத்து. கூட்டல் சரியாக இருந்தது. அடப்பாவி, எப்போது எழுதினாய்? வரைந்து முடித்த பிறகா? என்னைக் கேட்பதற்கு முன்பேயா? தெரிந்துகொண்டேதான் கேட்டாய் என்றால், என் வாயிலிருந்து எதைத்தான் எதிர்பார்த்தாய்? கோபம் கோபமாக வருகிறது மச்சான். கேட்க நீ இல்லை.

நேற்றுக் காலை உன் மகன் மறுபடி வந்தான். தாத்தா படத்துக்குப் பக்கத்தில் உன் படத்தை மாட்டப்போகிறானாம்.

"மாமா, அது உண்மையிலேயே தாத்தாதானே? அப்பாவக் கேட்டப்ப, ஒங்களக் கேக்கச் சொன்னாரு."

இந்த முறை 'இருக்கலாம்' என்று சொல்லவில்லை. "ஆமாய்யா, அவருதான். பக்கத்துலயே மாட்டு," என்றேன்.

புத்தகத்தை ஒருதரம் பார்க்கலாமா என்று கேட்டான். எங்கே வைத்தேனோ தெரியவில்லை, தேடித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் தலையணைக்குக் கீழேதான் இருக்கிறது.