மழையில் நிரப்பிய பாட்டில்

என் அன்புக்குரியவருக்கு,

எல்லாரும் நலம் என்று தொடங்கத்தான் ஆசை. மாமாவுக்கு மூச்சிரைப்பு அதிகமாகிவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகனைச் சீக்கிரம் வரச் சொல்லுங்கள் என்றார். அன்று மாலையே மாமா, டாக்டரு எனக்கு எவ்வளவு நாள் தவணை குடுத்தாருன்னு கேட்டுச் சிரிக்கிறார். உங்கள் அப்பாவின் வாய்க்கு மட்டும் நோயே வரவில்லை.

சின்னவள் விழுந்த பல்லைக் காகிதத்தில் மடித்து உங்களுக்காக வைத்திருக்கிறாள். அணை அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் அப்பா வந்துவிடுவார் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். நானும்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனி என் ஆய்வுக்கூட விஷயம். நீங்கள் ஆற்று நீர் நிரப்பி அனுப்பிய கடைசிப் பெட்டியில் ஒரு பாட்டில் மட்டும் தேநீர் நிறத்தில் இருந்தது. பெட்டியைக் கொண்டுவந்த டிரைவரைக் கேட்டேன். உங்கள் பாட்டில் ஒன்று ஜீப்பில் உடைந்துவிட்டதாம். நீங்கள் திட்டுவீர்கள் என்று பயந்து, வரும் வழியில் அதே ஆற்றின் பாலத்திலிருந்து கயிறு விட்டு வேறொன்றை நிரப்பிவிட்டார். அன்று அங்கே பேய்மழை.

உங்கள் மற்ற பாட்டில்கள் எல்லாம் வெயில் நாளில் எடுத்தவை. மழையில் அந்தப் பாதையில் ஜீப் ஏறாது, தெரியும். ஆனால் ஆறு மண்ணைச் சுமப்பது மழையில்தானே? இந்த ஒன்றை வடிகட்டவே மதியம் முழுக்க ஆனது. வடிதாள் அடைத்துக்கொண்டே இருந்தது. உலர்த்தி நிறுத்தேன். நம்பாமல் மறுபடி நிறுத்தேன். மற்ற பாட்டில்களின் மண்ணையெல்லாம் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. வயலில் போட்ட உரமும் அந்தச் சேற்றோடு வந்திருக்கிறது.

உங்கள் ஆற்றில் நீரோட்டம் அளக்க நிலையம் இல்லை என்று பக்கத்து ஆற்றின் ஓட்டத்தைக் கடன் வாங்கிக் கணக்குப் போட்டீர்கள். அங்கே கரையெல்லாம் காடு. உங்களுடையதிலோ சரிவு முழுக்க உழவு. அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிய கதைதான். இதை நம்பிக் குடிநீர் அணை கட்டினால், சின்னவள் பெரியவளாவதற்குள் பாதி தூர்ந்துவிடும். மீதி பாசி பிடித்து நாறும்.

ஒரு பாட்டிலை வைத்துக் கணக்கை மாற்ற முடியாது என்பீர்கள். சரி. அப்படியானால் இந்த மழைக்காலம் முழுக்க அங்கேயே தங்கி வெள்ளத்தில் எடுக்க வேண்டும். பாதை மூடப்போகிறது. இப்போது இறங்கினால் மழை விடும்வரை திரும்ப ஏற முடியாது. இறங்காமல் அங்கேயே இருந்தால் மாமாவை... எனக்குத் தெரியாதா? அந்த வடிதாளைக் கையில் வைத்துக்கொண்டு, குப்பையில் போட்டுவிடலாமா என்று நின்றேன். யாரும் கேட்கப்போவதில்லை. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். தப்புக் கணக்குல கையெழுத்துப் போட்டுட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தான்னா, அவன் மூஞ்சியப் பாத்தே எனக்கு மூச்சு நின்னுடும் என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அங்கே போன் எடுக்காது என்பதால் டிரைவரிடமே இதைக் கொடுத்தனுப்புகிறேன். எடையைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். வாருங்கள் என்றோ இருங்கள் என்றோ சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இருப்பதானால், பாலத்தில் நிற்கும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். மறு நுனியை டிரைவர் பிடித்துக்கொள்ளட்டும். இந்த மழையில் என்னால் ஒருவரைத்தான் இழக்க முடியும்.

என்றும் உங்கள்
வீட்டுக்காரி