ஒன்ராறியோ லைசன்ஸ்

12 நவம்பர் 1998, வியாழன். இர்விங்.

இன்று டெக்ஸாஸ் டிரைவிங் லைசன்ஸ் எடுக்கப் போனேன். இங்கே குடிவந்தவர்கள் பழைய லைசன்ஸைக் கையளித்தே ஆகவேண்டுமாம். கனடாவில் எடுத்த என் ஒன்ராறியோ லைசன்ஸை நானே வைத்திருக்கலாமா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் முடியாது என்று சொல்லிவிட்டு, அதை வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டாள்.

ரொறன்ரோவில் புதிதாக ஓட்டப் பழகுகிறவர்கள் தனியே ஓட்டக்கூடாது. நாலு வருஷமாவது ஓட்டிய ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும். அதனால் ஒரு குளிர்காலம் முழுவதும், வேலை முடிந்து களைத்துப்போய் வந்த அக்காதான் என் பக்கத்தில் இருந்தாள். பனியில் கார் வழுக்கினால், "பயப்படாதை, மெல்லமாப் பிடி" என்பாள்.

இன்று திரும்பி வரும்போது பக்கத்து சீட்டில் என் கைப்பை மட்டும் கிடந்தது.

இரவு ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"அப்ப இனி இஞ்ச வரமாட்டாய் போல" என்றாள்.

"லைசன்ஸ்தானே அக்கா. வந்தா திரும்ப மாத்தலாம்."

"ஓம், மாத்தலாம்."

பிறகு, "அங்க இப்பவும் வெயிலோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

என் கணவர் இங்கேயே வாங்குவதற்கு வீடு பார்க்கத் தொடங்கிவிட்டார். அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.