அப்பாவின் தட்டில் பாக்கெட் களி

என் ஆசை அம்மாவுக்கு,

நீ இருந்தால் முதலில் அப்பாவைப் பற்றித்தான் கேட்பாய். அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சர்க்கரை மாத்திரையை மட்டும் நேரம் தவறாமல் போட்டுக்கொள்கிறார். சோறு வைத்தால் நாலு வாய் அள்ளிவிட்டுக் கை கழுவிவிடுகிறார். போன வாரம் காரிமங்கலம் சந்தையில் மயங்கிச் சரிந்துவிட்டார். யாரோ சோடா வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஆபீஸில் போன் அடித்தாலே அவரைப் பற்றித்தானோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன். களி என்றால் சாப்பிடுவார். நான் கிண்டினால் கூழாகிறது, இல்லாவிட்டால் அடிப்பிடிக்கிறது.

நேற்று தர்மபுரியில் ஒரு பெரிய கடைக்கு சோப்பு வாங்கப் போனேன். நூடுல்ஸ் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பாக்கெட். 'ராகிக் களி. வெந்நீர் ஊற்றிக் கிளறினால் போதும்.' அட்டையில் நம் வீட்டுக் களியேதான். நடுவில் குழி, குழியில் சாறு. யாரோ நம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் படம் பிடித்த மாதிரி கூச்சமாக இருந்தது.

பில் போடும் பெண் கேட்டாள்: "பெங்களூருக்கு எடுத்துட்டுப் போறீங்களாக்கா?"

"இல்லீங்க, இண்டூருக்கு."

"இண்டூருக்கே களியா! மலைக்கு யாராச்சும் கல்லு தூக்கிட்டுப் போவாங்களா?"

பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். பாக்கெட்டைப் பையின் அடியில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அப்பா சாப்பிடாவிட்டால் என்ன செய்வது? வழியெல்லாம் அதே நினைப்பு. பாதி தூரம் போவதற்குள் இன்னொரு பயமும் சேர்ந்துகொண்டது. ருசித்துச் சாப்பிட்டுவிட்டால்? வெந்நீரில் வந்துவிடுகிற ஒன்றுக்காகவா நீ இத்தனை வருஷம் தோள்பட்டை வலிக்கக் கிண்டினாய்?

உருண்டை பிடித்து, கொள்ளுச்சாறு ஊற்றி வைத்தேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். முதல் வாயை முழுங்கினார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த வாய்க்குக் களியைப் பிட்டவர், விரலால் அதை நசுக்கி நசுக்கி எதையோ தேடினார்.

"யாரு கிண்டுனது?"

"கடையில வாங்குனதுப்பா. பாக்கெட்டு."

"அதான். கட்டியே இல்ல."

உன் களியில் எப்போதும் வேகாத மாவுக்கட்டி ஒன்று மாட்டும். அப்பா அதைத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்து, "இந்தாடி, உன் மூக்குத்திக் கல்லு உழுந்து கெடக்குது" என்பார். "கல்லு வெச்ச மூக்குத்தி வாங்கிக் குடுத்த மவராசன் சொல்லிட்டாரு!" என்று நீ அடுப்படியிலிருந்தே கத்துவாய். நேற்று அவர் பாதிக் களியை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோனார். விட்டம் பார்த்துப் படுத்துக் கிடந்தார். ஏன் வாங்கினோம் என்று ஆகிவிட்டது, அம்மா. தப்பு செய்துவிட்டேனா?

காலையில் எழுந்து பார்த்தால், சட்டி ஆடாமல் பிடிக்க நீ வைத்திருந்த கவைக்கோலைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படிக்குள் வராத மனுஷர்.

"பாக்கெட்டெல்லாம் வேணாம் பாப்பா. நீ கிண்டு. சட்டிய நான் புடிச்சுக்கறேன்."

"எனக்கு வராதுப்பா."

"உங்கம்மாளுக்கு மட்டும் வந்துச்சா?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குப் பயம் போகவில்லை. டம்ளரைப் பிடித்தாலே அவர் கை ஆடுகிறது. கொதிக்கிற சட்டி வழுக்கினால்? கிண்டி முடிப்பதற்குள் அவருக்குத் தலை சுற்றினால்? ஆனாலும் இன்று சாயங்காலம் உலை வைக்கப் போகிறேன். களி எப்படி வந்தாலும் சரி, அவர் தட்டு காலியாகும்வரை எதிரிலிருந்து எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் வயிற்றில் பிறந்த,
உன்னைப் போலவே களி கிண்டத் தெரியாத
மகள்