மாடு கலைக்கும் இணைப்பாளர்

ஒக்டோபர் 9, திங்கள்

இன்று பயிற்சி வகுப்பில் நித்திரை கொண்டுவிட்டேன். கண்ணைத் திறந்தபோது எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன், மற்றவர்களைவிடப் பலமாக. பிறகுதான் விளங்கியது, கை தட்டல் எனக்குத்தான். எங்கள் விமானக் கம்பனியின் அவசரகால இணைப்பாளராக என்னைத் தெரிவு செய்துவிட்டார்கள்.

கம்பனி என்று எழுதவே சிரிப்பு வருகிறது. ஒரு சின்ன விமானம், ஒரு தகரக் கொட்டகை, திருக்கோவில் பக்கம் கடலோரமாக ஒரு ஓடுபாதை. முதலாளி இன்பாஸ் சேர் அரிசி ஆலைக்காரர். கொழும்பு முதலாளிமாரும் ஹோட்டல்காரரும் ரோட்டில் குலுங்கிக்கொண்டு வராமல் பறந்து வரட்டும் என்று விமானத்தை வாங்கினார். ஓட்டுவது சுஜீபன், திருக்கோவில் பிள்ளை. பழுது பார்ப்பது நிரோசன். விமானத்தை உழவு மெசினால் கொட்டகையிலிருந்து வெளியே இழுப்பதும், ஓடுபாதையில் படுக்கும் மாடுகளைக் கலைப்பதும் நான். லொறி ஓட்டிக் களைத்தவனுக்கு ஆகாயத்துறையில் இவ்வளவு உயர்வு கிடைத்தது பெரிய விசயம்.

இப்போது ஒரு வெளிநாட்டுக் கம்பனி மாத வாடகைக்கு எங்கள் விமானத்தைக் கேட்கிறது. பாதுகாப்பு முகாமைத்துவம், அவசரகாலத் திட்டம் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டார்களாம். இருக்கிறது என்று சேர் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதைச் செய்வதற்காகக் கொழும்பிலிருந்து கிசோக் என்றொரு ஆலோசகரைக் கூட்டி வந்திருக்கிறார். நம் ஊரில் வீட்டுக்கு முதலில் கூரை போடுகிற வழக்கம் கிடையாது. கம்பனியில் உண்டு.

ஒக்டோபர் 12, வியாழன்

கிசோக் தந்த கோப்பு, கல்முனைச் சந்தையில் ஒரு கிலோ என்று நிறுத்து வாங்கலாம் போல இருக்கிறது. மகள் றுஸ்தா உயர்தரம் படிக்கிறாள். அவள்தான் வாசித்துச் சொன்னாள். வாசிக்க வாசிக்க அவளுக்குச் சிரிப்பு, எனக்கு வியர்வை.

விமானத்துக்கு ஏதும் நடந்தால் இணைப்பாளர் செய்ய வேண்டிய முக்கியமான வேலை: ஓட்டுனரின் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்வது. சொல்ல வேண்டிய வசனமும் எழுதி வைத்திருக்கிறார்கள். “விமானத்தோடு தொடர்பு கிடைக்கவில்லை. உறுதியான செய்தி வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வோம். அதுவரை நான் உங்களோடு இருப்பேன்.” பயப்பட வேண்டாம் என்று சொல்லக் கூடாதாம். அல்லாஹ் காப்பாற்றுவான் என்றும் சொல்லக் கூடாதாம்; பொய் நம்பிக்கை கொடுத்ததாகிவிடுமாம்.

மனைவி அஸீஸாவை வாசலில் நிற்க வைத்துப் பழகிப் பார்த்தேன். வெளியே போய், கதவைத் தட்டி, முகத்தைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன்.

“இந்த மூஞ்சோட வந்து நிண்டீங்கெண்டா, நீங்க வாயத் திறக்க முதல் நான் மவுத்தாகிடுவன்,” என்றாள்.

ஐந்தாறு தரம் பழகினேன். இப்போது மனப்பாடம். சின்ன வயதில் ஓதப் போனபோதுகூட இவ்வளவு வேகமாகப் பாடமாக்கவில்லை.

ஒக்டோபர் 20, வெள்ளி

கொட்டகையில் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்குகிறது. இன்பாஸ் சேரின் கையெழுத்தோடு ‘பாதுகாப்பே முதல்’. ஆபத்து என்று தோன்றினால் எந்த ஊழியரும் பயணத்தை நிறுத்தலாம், அதற்காக அவர் தண்டிக்கப்படமாட்டார் என்று மூன்று மொழியிலும் இருக்கிறது. சேர் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தாரா? வாசித்திருந்தால் வைத்திருப்பாரா?

அதற்குக் கீழே ஒரு பெட்டி. கண்ட ஆபத்தை எழுதிப் போட வேண்டும், பெயர் தேவையில்லை. மூன்று பேர் வேலை செய்கிற இடம். நிரோசன் எழுதினால் இங்கிலீசில் இருக்கும். சுஜீபனின் எழுத்து முத்து. பிழையோடு இருந்தால் நான்.

முதல் தாள் இன்று விழுந்தது. ‘மாடு’ என்று ஒரே ஒரு சொல். சேர் பக்கத்தில் எழுதியிருக்கிறார்: ‘காலிதீனைக் கவனிக்கவும்.’ மாட்டையா, என்னையா?

நவம்பர் 2, வியாழன்

ஒத்திகை. யா அல்லாஹ்.

விமானம் விழுந்துவிட்டதாக நடிக்க வேண்டும். ஓடுபாதையின் கடைசியில் சுஜீபன் தலையில் தக்காளி சோஸ் பூசிக்கொண்டு படுத்தான். நிரோசன் கால் முறிந்தவன். நான் தொலைபேசியில் அம்புலன்ஸ், பொலிஸ், பிரதேச செயலகம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். எதற்கும் எங்கட ஆட்களும் தெரிந்திருக்கட்டும் என்று மச்சான் றிபாஸுக்கு இரண்டு குரல் பதிவு அனுப்பினேன். முதலாவது, இது வெறும் ஒத்திகை என்று. இரண்டாவது, விமானம் விழுந்துவிட்டது, ஓட்டுனருக்குத் தலையில் காயம் என்று.

றிபாஸ் அக்கரைப்பற்றில் கடை வைத்திருக்கிறான். இறந்தவர்களை எடுத்து அடக்கம் செய்கிற ஜனாஸா சங்கத்தில் ஒரு ஆள். இரண்டாவதை மட்டும் கேட்டிருக்கிறான். கேட்ட கையோடு சங்கத்து வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பிவிட்டான்.

அம்புலன்ஸ் வரவில்லை. பொலிஸ் வரவில்லை. முதலில் வந்தது ஜனாஸா சங்கத்து வாகனம். பிரேதம் தூக்கும் சந்தூக், சுற்றும் கபன் துணி, கற்பூரம், தண்ணீர் வாளி, ஏழெட்டு இளைஞர்கள், ஒன்றும் குறையில்லை. இரண்டாவதாக ஒரு லான்ட்மாஸ்டர் வண்டியில் அடுப்பும் சட்டியும் வந்தன. சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் எது நடந்தாலும் யாரோ ஒருவர் சோறு ஆக்கத் தொடங்கிவிடுவார்.

சுஜீபன் எங்கட சமயத்து ஆள் இல்லையே, சந்தூக் எதற்கடா என்று றிபாஸிடம் சீறினேன்.

“அதுக்கென்ன மச்சான்? ஆரெண்டாலும் தூக்கிறதுக்கு ஒண்டு வேணுமே,” என்றான்.

கிசோக் தன் கோப்பில் ஏதோ எழுதிக்கொண்டார். எட்டிப் பார்த்தேன்: ‘உள்ளூர் மக்களின் பங்களிப்பு மிகச் சிறப்பு.’

எல்லாரும் சிரித்துக்கொண்டு நின்ற நேரம் கேசினி வந்தாள். சுஜீபனின் மனைவி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். அந்தக் குரல் பதிவு அவளுடைய பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருக்கிறது. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. சோஸ் பூசிய தலையோடு புருசன் கிடக்கிறான், பக்கத்தில் சந்தூக். அவள் கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான்தான் இணைப்பாளர். நான்தான் போக வேண்டும். போனேன். மனப்பாடம் செய்த வசனம் ஒரு சொல்கூட வரவில்லை.

“தங்கச்சி, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டேன்.

சுஜீபன் எழும்பி ஓடி வந்தான். அவள் அவனுடைய நெற்றியை விரலால் தொட்டு, விரலை மணந்து பார்த்தாள். பிறகு ஓங்கி ஒரு அறை. ஒத்திகையில் உண்மையான காயம் அது ஒன்றுதான்.

நவம்பர் 3, வெள்ளி

சோறு இறங்கவில்லை. அஸீஸா கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன். அந்தப் பிள்ளை தரையில் உட்கார்ந்த விதம்.

நவம்பர் 21, செவ்வாய்

வாடகைக் கம்பனியின் கணக்காய்வாளர்கள், அதான் ஓடிட்டர்மார், வந்து போனார்கள். கோப்பைப் புரட்டினார்கள், சட்டம் போட்ட தாளைப் படம் எடுத்தார்கள், றிபாஸ் அனுப்பிய புரியாணியைச் சாப்பிட்டார்கள். வாடகைக் கம்பனிக்குத் திருப்தியாம். கிசோக்கும் ஊருக்குப் போய்விட்டார்.

இன்று காற்று மோசம். சுஜீபன் பறக்க ஏலாதென்று சொன்னான். இந்த மாதத்தில் இது இரண்டாம் தரம். சேர் கத்தவில்லை. கொழும்பில் விமானம் ஓட்டத் தெரிந்த பிள்ளைகள் வேலையில்லாமல் நிற்கிறார்கள் என்று பொதுவாகச் சொன்னார். சுஜீபனின் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது.

டிசம்பர் 5, செவ்வாய்

இன்று செய்ததை இந்தக் கொப்பியில் மட்டும்தான் எழுதலாம்.

விடியவே வடக்குப் பக்கம் கறுத்துக் கிடந்தது. கடல் இரைகிற சத்தம் கொட்டகைக்குள் கேட்டது. ஹோட்டல் முதலாளி ஒருவர் கொழும்பில் ஒரு கலியாணத்துக்குப் போக வேண்டும். கோட்டும் சூட்டுமாக வந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுஜீபன் கம்பத்தில் காற்றின் திசை காட்டும் பையைப் பார்ப்பதும் போனைப் பார்ப்பதுமாக நின்றான்.

என்ன தம்பி, போகலாமா என்று கேட்டேன். எங்கட ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல அவனும் என்னை நானா என்றுதான் கூப்பிடுவான்.

“போகப்படாது நானா. ஆனா ரெண்டு தரம் ஏலாதெண்டு சொல்லிட்டன். மூண்டாம் தரமும் சொன்னா, தையில எனக்குப் பதிலா வேற ஒருவன் நிப்பான்.”

சேரிடம் போனேன். சேர், சுவரில் உள்ள தாளில் ஆரும் நிப்பாட்டலாமெண்டு இரிக்கே என்றேன். அவர் தோளில் கை போட்டார், அன்பாக.

“அது ஓடிட்டருக்குப் போட்டது, காலிதீன் நானா. நீங்க போய் மாட்டக் கலைங்க.”

ஓம் என்றேன். மெசினை எடுத்துக்கொண்டு போனேன். மூன்று மாடு படுத்திருந்தது, கலைத்தேன். திரும்பி வர வேண்டியதுதான். ஆனால் எனக்கு அந்த வாசல் தெரிந்தது — சுஜீபனின் வீட்டு வாசல் — நான் கதவைத் தட்டுகிறேன், அந்தப் பிள்ளை வந்து திறக்கிது, நான் சொல்லணும் — எப்பிடிடா சொல்லுவன் நான்? ஆரால ஏலும்?

ஓடுபாதையின் நட்டநடுவில் மெசினை நிறுத்தினேன். இறங்கி, டீசல் குழாயின் நட்டைத் தளர்த்திவிட்டேன். குழாய்க்குள் காற்று ஏறினால் மெசின் செத்த மாடுதான். சேரும் நிரோசனும் ஓடி வந்தார்கள். தள்ளிப் பார்த்தார்கள். ஹோட்டல் முதலாளியும் கோட்டைக் கழற்றிவிட்டுத் தள்ளினார். நானும்தான் தள்ளினேன், மற்றவர்களைவிடப் பலமாக முக்கிக்கொண்டு. மழையில் ஊறிய நிலம், கனத்த மெசின். அசையவில்லை. நிரோசனுக்கு விமானம்தான் தெரியும், உழவு மெசின் தெரியாது. அக்கரைப்பற்றிலிருந்து மெக்கானிக் வந்து சேர்வதற்குள் அந்த மனிசன் வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். போகும்போது சேரை என்ன சொன்னார் என்பதை எழுதினால் இந்தக் கொப்பி நாறும்.

சுஜீபன் மட்டும் தள்ள வரவில்லை. கொட்டகையில் நின்று ஹெட்செட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

டிசம்பர் 6, புதன்

வந்த மழை அரை மணித்தியாலம்தான் பெய்தது. பகலுக்கே வானம் வெளுத்துவிட்டதாம். பறந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது என்று இன்பாஸ் சேர் இன்று மூன்று தரம் சொன்னார். இருக்கலாம். நடக்காத ஒன்றை நடக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பது? கிசோக்கின் கோப்பில் அதற்கு ஒரு பக்கமும் இல்லை.

விசாரணை நடந்தது. விசாரித்தது சேர், எழுதியது நிரோசன், குற்றவாளி மெசின். காரணம்: இயந்திரத்தின் வயது. திருத்தம்: இனி மெசின் ஓடுபாதைக்குள் வரக் கூடாது, மாட்டைக் காலிதீன் நடந்து போய்க் கலைக்க வேண்டும். சரியான தண்டனைதான், யாருக்கென்று தெரியாமலே கொடுத்துவிட்டார்கள். எனக்கு முழங்கால் வருத்தம்.

டிசம்பர் 29, வெள்ளி

ஜும்ஆவுக்குப் பிறகு வேலைக்குப் போனேன். சுஜீபனுக்கு இன்னொரு வருசம் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறார்கள். வாடகைக் கம்பனிக்காரர் அவனுடைய பெயரைச் சொல்லிக் கேட்டார்களாம். பறக்கக் கூடாத நாளில் பறக்காத ஓட்டுனர்தான் வேண்டுமாம். சேர் அதைத் தன்னுடைய கொள்கை என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறார்.

பின்னேரம் கேசினி வந்தாள், அவனைக் கூட்டிப் போக. சுஜீபன் கொட்டகைக்குள் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தான். அவள் வெளியே என் பக்கத்தில் நின்றாள். ஒத்திகை நாளைப் பற்றிக் கதை வந்தது. அன்றைக்கு அறைந்தது கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

“அந்தத் திட்டத்தில ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை இருக்காமே. உங்களுக்கு என்ன வேலை நானா?”

“மாடு கலைக்கிறது, தங்கச்சி,” என்றேன்.

அவள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். சுஜீபன் பின்னால் ஏறிக்கொண்டான். கேட்டைத் திறந்துவிட்டேன்.

உங்கட வாசலுக்கு வாற ஆள் நான்தான் புள்ள, என்று சொல்லவில்லை.