கண்டதை மட்டும் எழுதினேன்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஊரே உறங்கும் நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் பேனாவை எடுத்தால் பாப்பா அதைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்கிறாள். இப்போதுதான் கண் அசந்தாள். இவரும் தூங்கிவிட்டார். எழுத்து கோணல்மாணலாக இருந்தால், சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு, அடுப்பு மேடையில் தாளை வைத்து நின்றபடி எழுதுகிறேன் என்று புரிந்துகொள்ளுங்கள்.

போன் செய்தபோதெல்லாம் நீங்கள் எடுக்கவில்லை. நீச்சல் குளத்தில் இருக்கும்போது போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவீர்கள் என்று தெரியும். ராத்திரியில் குளம் மூடித்தான் இருக்கும் என்பதும் தெரியும். அதனால்தான் கடிதம்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் வலது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறாள். பல் முளைக்கிறது என்கிறார் டாக்டர். பல்லுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். எல்லாம் ஒரே தலையிலதானேம்மா இருக்கு என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருமினால் மார்பில் காது வைத்துப் பார்க்கிறேன். இருமாவிட்டால் ஏன் இருமவில்லை என்று எழுந்து பார்க்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால், “காலேஜ் படிச்ச பொண்ணுக்குக் கவலைப்படறதுக்கு மட்டும் காலேஜே வேண்டாம்” என்று சொல்லியிருப்பீர்கள். சொல்ல ஆளில்லை.

சர்டிபிகேட் போன வாரம் தபாலில் வந்தது. நல்ல கனமான தாள். ஓரத்தில் நீலக் கோடு. இவர் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். நான் அதைத் துணி அலமாரியில், பாப்பாவுக்குச் சிறியதாகிப்போன சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பயிற்சிக்குப் போகாமலே இருந்திருக்கலாம் என்று தினமும் ஒரு தடவையாவது நினைக்கிறேன். அனுபவமுள்ள நீச்சல் கோச்சுகளுக்கு மட்டும் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். இனிமேல் இந்த அங்கீகாரம் இல்லாதவர்கள் எந்தக் குளத்திலும் தனியாகப் பிள்ளைகளை இறக்கக் கூடாது என்றும் போட்டிருந்தார்கள். முதல் நாள் வகுப்பில் நீங்கள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “இத்தனை வருஷமா பிள்ளைங்கள முழுக விடாம பாத்துக்கிட்டேன். இப்ப நான் மிதக்கறேனான்னு பாக்கப் போறாங்களாம்.” நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தலைமைத் தேர்வாளர் திரும்பிப் பார்த்து, “அப்புறம்?” என்று கேட்டார். யார் என்ன சொன்னாலும் அவர் கேட்பது அந்த ஒரே கேள்விதான். சாயங்காலத்துக்குள் நீங்கள் அவருக்கு ‘அப்புறம் சார்’ என்று பெயர் வைத்துவிட்டீர்கள்.

சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்த்தபோது உங்கள் பெயரோடு என் பெயர் வந்தது. நான் சந்தோஷப்பட்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜோடிக்குத் தங்க ஒரே அறை; கைக்குழந்தையோடு வந்தவளை வேறு யார் சேர்த்துக்கொண்டிருப்பார்கள்? ஒருவர் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், ஜோடி கரையோரம் நாற்காலியில் உட்கார்ந்து நடப்பதை எழுத வேண்டும், பிறகு முறை மாற வேண்டும். பலகையில் பெரிதாக எழுதிப் போட்டார்களே, கண்டதை மட்டும் எழுதுங்கள், காரணம் எழுதாதீர்கள் என்று. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எவ்வளவு சுத்தமான வேலை என்று நினைத்தேன். “பேனாவைப் பாத்துப் பிடி, யாரையாவது குத்திடப் போவுது” என்று நீங்கள் கேலி செய்தீர்கள்.

முதலில் என் முறை. உங்களுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை, அக்கா. ஆனாலும் நான் ஒருமுறை வரிசையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தண்ணீரில் இருந்தார்கள். கம்பியைப் பிடித்துக் காலடிக்கச் சொல்லிவிட்டு நான் கரையில் நடந்துகொண்டிருந்தேன். உடை மாற்றும் அறையிலிருந்து பாப்பா அழுகிற சத்தம் வந்தது. அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம்தான் விட்டிருந்தேன். நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று தெரியும். ஆனால் அது பசி அழுகை இல்லை, மூச்சுப் பிடித்துக்கொண்டு வரும் அழுகை. என் கால் என்னைக் கேட்காமலே போய்விட்டது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கக் கரையை விட்டுப் போனேன். எந்தக் கோச்சும் செய்யக் கூடாத ஒன்று அது.

திரும்பி வந்தபோது நான் நின்ற இடத்தில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். நோட்டு நாற்காலியில் கிடந்தது. பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், “எல்லாம் இருக்கு. போய் உன் இடத்துல நில்லு” என்றீர்கள். தேர்வாளர் அப்போது எதிர்க்கரையில் வேறொரு ஜோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரிதான் பாப்பாவுக்கு உடம்பு கொதித்தது. பால் குடிக்கவில்லை, படுக்கவில்லை, என் தோளிலும் நிற்கவில்லை. நானும் அவளோடு சேர்ந்து அழ ஆரம்பித்தபோது நீங்கள் எழுந்து அவளை வாங்கிக்கொண்டீர்கள். நாளைக்கு உங்க முறையாச்சே அக்கா என்றேன். “தண்ணி எங்கயும் ஓடிடாது. நீ படு” என்றீர்கள். நான் படுத்தேன். தூங்கியும்விட்டேன். விடிந்து கண் விழித்தபோதும் நீங்கள் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தீர்கள். பாப்பா உங்கள் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அப்படியே குளத்துக்கு வந்தீர்கள்.

அக்கா, நான் எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். பச்சைத் தொப்பி போட்ட சிறுமி மூன்றாம் லேனில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கினாள். நீங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மறுபடியும் தூக்கினாள். நீங்கள் சுவரில் சாய்ந்து ஒரு நிமிஷம் கண்ணை மூடினீர்கள். கயிறு அவள் கையிலிருந்து நழுவியது. தண்ணீர் குடித்துவிட்டாள். அடுத்த லேன் பிள்ளை கத்திய பிறகு நீங்கள் உடையோடு குதித்துத் தூக்கினீர்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இருமினாள், அழுதாள், உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி எழுதினேன்.

எழுதாதது ஒன்றே ஒன்றுதான். அவள் முதல் தடவை கை தூக்கியபோதே நான் பார்த்தேன். நாற்காலியிலிருந்து உங்களை ஒரு குரல் கூப்பிட்டிருந்தால் போதும். முந்தைய நாள் நீங்கள் நோட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தீர்களே, அப்படி நான் வந்திருக்க வேண்டும். நான் நாற்காலியிலேயே இருந்து, அவள் கை தூக்கியதை வரி பிசகாமல் எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளில் நான் எங்கேயும் இல்லை.

கடைசி நாள் எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொன்னார்கள். நீங்கள் என்னைப் பற்றி எழுதியதை முதலில் வாசித்தீர்கள். பயிற்சியாளர் கரையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுச் சிறிது நேரம் வெளியே சென்றார் என்று எழுதியிருந்தீர்கள். நான் ஒப்படைக்கவில்லை, அக்கா. நீங்கள் தலையைத் தூக்காமல் வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு நான் என் தாளை எடுத்து வாசித்தேன். என் குரல் நன்றாகத்தான் இருந்தது. வாசித்து முடித்ததும் அவர் கேட்டார், “அப்புறம்? வேற ஏதாவது சேர்க்கணுமா?”

இல்லை சார் என்றேன்.

மாதிரிக் குறிப்பு என்று என் தாளைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். அவர்கள் தோல்வி என்று யாரையும் சொல்வதில்லை. ‘இன்னும் தயாராகவில்லை’ என்பார்கள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்தே பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிற உங்களைப் பார்த்து அதைச் சொன்னார்கள். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினீர்கள். பாப்பாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு, “மருந்து நேரத்துக்குக் குடு” என்றீர்கள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன்.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், திங்கட்கிழமை உங்கள் குளத்து மேனேஜர் எனக்குப் போன் செய்தார். உங்களுக்கு அவர் சொன்னாரா, தெரியாது. அடுத்த டெர்மிலிருந்து சாயங்கால வகுப்புகளை நான் வந்து நடத்த வேண்டுமாம். சர்டிபிகேட் உள்ளவர்கள் இந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லையாம். அங்க அக்கா இருக்காங்களே சார் என்றேன். “அவங்க எங்கயும் போகலம்மா. உங்களுக்கு உதவியா பக்கத்துலயே இருப்பாங்க” என்றார், ஏதோ எனக்கு நல்ல செய்தி சொல்வது மாதிரி. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாகச் சொல்லி வைத்தேன்.

வேண்டாம் என்று உடனே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். பாப்பா பிறந்தபோது விட்ட வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். எனக்கு வேலை வேண்டும், அக்கா. இவர், “நீ போகலைன்னா வேற ஒருத்தர் வரத்தான் போறாங்க. அவங்கள அக்கான்னு கூப்பிடற ஆளு போறது நல்லதுதானே” என்கிறார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இவர் சொல்வதில் நியாயம் இருப்பதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. இப்படியே இரண்டு நாள் யோசித்தால் எனக்கும் அது நியாயமாகவே பட்டுவிடும்.

அப்புறம் சாருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஜோடியாக இருந்தவரே தன் குறிப்பு முழுமையானதில்லை என்று எழுதிக் கொடுத்தால் மறுபார்வை கேட்கலாம் என்று விதியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் அதற்கும் கடைசி. அந்த ராத்திரி யார் குழந்தைக்காக நீங்கள் கண் விழித்தீர்கள் என்று எழுதிவிட்டேன். கை தூக்கியதைப் பார்த்தும் நான் கூப்பிடவில்லை என்பதையும் எழுதிவிட்டேன். அதற்கு மேல் பேனா நிற்கிறது. நான் கரையை விட்டு ஓடியதை எழுதினால் என் சர்டிபிகேட் போகும். போகட்டும், அது உங்கள் வாயிலிருந்து வந்த ஒரு வரியில் கிடைத்ததுதான். ஆனால் ‘ஒப்படைத்தார்’ என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே. நான் உண்மையைச் சொன்னால் நீங்கள் பொய் எழுதியதாக ஆகும். பொய்க் குறிப்பு எழுதியவரை அவர்கள் மறுபடி சேர்க்கவே மாட்டார்கள். நான் வாயைத் திறக்காததால் ஒருமுறை உங்களைத் தள்ளிவிட்டேன். இப்போது வாயைத் திறந்து இன்னொரு முறை தள்ளிவிடுவேனோ, தெரியவில்லை.

அதனால் முதல் பாதியை மட்டும் அனுப்பவா, முழுவதையும் அனுப்பவா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் கேட்கிறேன். ஆனால் எதை அனுப்பினாலும் மறுபார்வைக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். நீங்கள் விண்ணப்பம் போடாவிட்டால் என் கடிதம் வெறும் தாள். இனிமே யாருக்கும் நான் பரீட்சை எழுதறதா இல்ல என்று நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்றுதான் பயம். அப்படிச் சொல்ல உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. ஆனால் உங்கள் குளத்தில் நீங்கள் என் பின்னால் மிதவைப் பலகைகளை அடுக்கிக்கொண்டு நிற்க, நான் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொன்று. பாப்பா இப்போது தாலாட்டுக்கெல்லாம் தூங்குவதில்லை. அன்று ராத்திரி நீங்கள் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பெரிய பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல, “கை... கை... மூச்சு... கை... கை... மூச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தீர்களே, அரைத் தூக்கத்தில் கேட்டேன். நேற்று வேறு வழியில்லாமல் அதைச் சொல்லிப் பார்த்தேன். தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள். வேறு யாரையோ தேடுவதுபோல வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு தூங்கினாள். இன்றும் அப்படித்தான் தூங்கினாள்.

அவளுக்கு நடக்கத் தெரிந்ததும் உங்கள் கையில்தான் தண்ணீரில் விட வேண்டும் என்று வைத்திருந்தேன். இன்னும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்கு மறக்காமல் எண்ணெய் போடுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஜோடி

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, அதனால் இதைத் தபாலில் போடாமல் காலை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். கோபமாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வரி போதும். சீக்கிரம் பதில் போடுங்கள், அக்கா.